எண்ணெய் பட்ட வினாத்தாள்

நம் வகுப்புக்காரிகளுக்கு,

ஒன்றுகூடல் மலருக்கு ஆளுக்கொரு நினைவு எழுதித் தரச் சொல்லியிருக்கிறீர்கள். இதுவரை வந்தவற்றை வாசித்தேன். விஞ்ஞானகூடத்துக்குப் பின்னால் நின்ற ஜம்பு மரம், வலைப்பந்தில் நாம் தோற்ற கதை, பிரியாவிடை நாளில் சோற்றில் உப்புக் கூடிய கதை. எல்லாம் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் அலுவலகச் சுவரில் ஒட்டிய அந்தப் பட்டியலைப் பற்றி ஒருத்திகூட எழுதவில்லை. இத்தனை பேரும் ஒன்றாக மறந்திருப்பீர்கள் என்று நான் நம்பவில்லை.

அழைப்பில் இருந்த பெயர்களையும் பார்த்தேன். என் மச்சியின், என் மாமி மகளின், பெயர் இல்லை. நம்மோடு சாதாரண தரப் பரீட்சை எழுதாதவள் என்பதால் விட்டீர்களா, வேறு காரணமா என்று கேட்க நினைத்தேன். கேட்டால் யாராவது என்னைத் திருப்பிக் கேட்பீர்கள் என்பதால் கேட்கவில்லை. எனக்கு முதல் நரை வந்துவிட்டது. இனியும் அந்தக் கேள்விக்காகக் காத்திருக்க முடியாது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் படித்து முடித்த முதல் ஆள் நான். வாப்பா இரண்டாம் வகுப்போடு வயலுக்குப் போனவர். உம்மாவுக்குக் கையெழுத்து வைக்கப் பழக்கியது நான்தான். ஒலுவில் பல்கலைக்கழக வளாகத்தில் பட்டம் வாங்கி, இன்று ஓர் அரசாங்க அலுவலகத்தில் மேசையும் நாற்காலியும் வைத்திருக்கிறேன். இதைச் சொல்லும்போது எனக்கு நெஞ்சு நிமிர்கிறது, மறைக்க மாட்டேன். ஆனால் யாராவது பாராட்டினால் மட்டும் அவர் முகத்தை இரண்டு தரம் பார்ப்பேன், என்ன தெரிந்துகொண்டு பாராட்டுகிறார் என்று.

அந்த வருஷம் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று முன்கூட்டியே வந்தது. வகுப்பறை மேசைகளில் காலையில் துடைத்த புழுதி பத்து மணிக்கு மறுபடி ஏறிவிடும். நாம் பதினோராம் வகுப்பு. பெற்றோர் கூட்டம் மண்டபத்தில் நடந்தது. ஆண்கள் முன்னால், தாய்மார் பச்சைத் திரைக்குப் பின்னால். நாங்கள் யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியில் நின்றோம்.

அதிபர் புதிதாக வந்தவர். அவருக்கு முந்திய வருஷப் பெறுபேறு பிடிக்கவில்லை. நூற்றுக்கு எத்தனை பேர் கணிதத்தில் சித்தியடைந்தார்கள் என்று பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடங்களோடு ஒப்பிட்டுச் சொல்லிவிட்டு, ஒரு விதி வாசித்தார். இரண்டாம் தவணைப் பரீட்சையில் கணிதத்தில் முப்பத்தைந்து எடுக்காத பிள்ளையின் சாதாரண தர விண்ணப்பம் பாடசாலை ஊடாகப் போகாது. அந்தப் பிள்ளை தனியார் பரீட்சார்த்தியாகத் தானே விண்ணப்பித்துக்கொள்ள வேண்டும். வகுப்புக்கும் வரத் தேவையில்லை.

அப்படியொரு விதி போட எந்த அதிபருக்கும் உரிமை இல்லை என்று இப்போது எனக்குத் தெரியும். அன்று அந்த மண்டபத்தில் அதைத் தெரிந்தவர்கள் இருந்திருப்பார்கள். அவர்களின் பிள்ளைகள் முப்பத்தைந்துக்கு மேல் எடுப்பவர்கள்.

திரைக்குப் பின்னால், விதிக்குச் சம்மதம் என்று கையெழுத்து வைக்க ஒரு கடுதாசி கைமாறிக் கைமாறி வந்தது. உம்மா தன் பெயரை ஆறு எழுத்தாக எழுதி முடிக்கும் மட்டும் வரிசை காத்திருந்தது. பக்கத்தில் மாமி. என் வாப்பாவின் தங்கை, மச்சியின் உம்மா. கடல் ஊருக்குள் ஏறிய வருஷம் அதற்குக் கணவனைக் கொடுத்துவிட்டுப் பின்னேர வடை சுட்டு இரண்டு பிள்ளைகளை வளர்த்தவள். அவள் பெருவிரலை நீட்டினாள். விரலில் கடலைப் பருப்பு மா காய்ந்திருந்தது.

வெளியே வந்ததும் மாமி கேட்டாள்:

"தனியார் எண்டா என்ன மகள்? தனி அறையில வெச்சா எழுத விடுவாங்க?"

"இல்ல மாமி. பள்ளிக்கூடத்தால வெளிய."

"வெளிய எண்டா? கூட்டுற ஆள் மாதிரியா?"

மச்சி சிரித்துவிட்டாள். அவள் முதலாம் தவணையில் எடுத்தது இருபத்திரண்டு. நான் நாற்பத்தொன்று. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அவளைவிட நான் எப்போதும் ஓர் இருபது முன்னால் நிற்பேன். அவளுக்கு விளங்காததை நான் விளக்குவேன், அவள் விளங்கினது போலத் தலையாட்டுவாள். அந்த இருபதுதான் எங்கள் சிநேகத்தின் கணக்கு என்று நான் நினைத்திருந்தேன்.

அதே மாதம்தான் எங்களுக்குக் கணிதம் படிப்பித்த சேரின் மகளுக்குக் கலியாணம் வந்தது.

எங்கள் ஊரில் வீடு மகளுக்கு. மாப்பிள்ளை வந்து குடியேறும் வீட்டைத் தாயும் தகப்பனும் முழுதாக ஒதுக்கிக் கொடுத்துவிட்டு, வளவின் பின்பக்கம் ஓர் அறை இறக்கிக்கொண்டு போக வேண்டும். சேரும் அப்படித்தான் போனார். இருபது வருஷம் அவர் சேர்த்து வைத்த புத்தகமும் கடுதாசியும் முன் அறை அலுமாரியில் கிடந்தன. அந்த அறைதான் மணவறை ஆகப் போகிறது. பின் அறையில் கட்டில் போட்டாலே நடக்க இடமில்லை.

சேரின் மனைவி மாமிக்கு ஆள் அனுப்பினாள். மாமி வடை சுற்றக் கடுதாசி தேடுவது ஊருக்குத் தெரியும். மாமியும் மச்சியும் நானும் போனோம். சுவரில் புதுச் சுண்ணாம்பு வாசம், அலுமாரியைத் திறந்ததும் கரப்பான் முட்டையும் பிரதி எடுக்கும் றோனியோ மையும் கலந்த ஒரு மணம். சேர் வீட்டில் இல்லை. கலியாணத்துக்குக் கதிரை பேசப் போயிருந்தார்.

"எடுத்துத்துப் போ புள்ள, எல்லாத்தையும் எடு. அவர் வந்தா ஒரு துண்டும் எறிய விடமாட்டார். பழைய சீட்டெல்லாம் பொக்கிசம் அவருக்கு" என்றாள் சேரின் மனைவி.

"சேருக்குத் தெரியாமலா ராத்தா?" மாமி தயங்கினாள்.

"அவருக்கு நாளைக்கு நூறு வேல. இது மறந்திரும். நீங்க மூணு பேரும் வாய் தொறக்காதீங்க, அவ்வளவுதான். எங்கட வீட்டால போன எண்டு ஒரு இடத்தில சொல்லக் கூடாது. கலியாண வீட்டில எனக்கு ஏச்சு விழும்."

"அது அமானிதம் ராத்தா. எங்களோட இரிக்கும்" என்றாள் மாமி. அமானிதம் என்றால் நம்மிடம் ஒப்படைத்த பொருள். அது பணமானாலும் சொல்லானாலும் அப்படியே காக்க வேண்டும். மாமி சொன்னதும் மச்சி தலையாட்டினாள். நானும் ஆட்டினேன்.

மூன்று கட்டு. என் கட்டின் நூல் பள்ளிவாசல் சந்தியில் அறுந்து, கச்சான் காற்றில் தாள்கள் பறந்தன. நானும் மச்சியும் ஓடி ஓடிப் பொறுக்கினோம். ஒரு தாள் வேலியில் ஒட்டிக்கொண்டது. எடுத்துப் பார்த்தேன். நம் பள்ளிக்கூடத்தின் பெயர், கீழே சேரின் சாய்ந்த எழுத்து. ஒரு பழைய கணித வினாத்தாள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் அதைப் பார்த்தேன், வாசித்தேன், கட்டுக்குள் சொருகினேன்.

மாமி வீட்டுக் குசினி தகரக் கூரை. பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு அடுப்பு மூளும். பருப்பு அரைக்கும் சத்தம், வெங்காயம், கறிவேப்பிலை எண்ணெயில் விழும்போது எழும் வெடி. மச்சி பாயில் இருந்து கத்தரிக்கோலால் தாள்களை நாலாக வெட்டி அடுக்குவாள். வெட்டுகிறவள் வாசிக்கவும் தொடங்கினாள்.

ஒரு நாள் நான் போகும்போது அவள் ஒரு தாளை உடுப்புக் கிளிப்பால் சுவர்க் கயிற்றில் மாட்டி வைத்திருந்தாள். இரண்டு பக்கமும் கேள்வி. மேற்பகுதியை வெட்டி வடை சுற்றியாகிவிட்டது. பள்ளிக்கூடப் பெயரும் வருஷமும் அதோடு போய்விட்டன. ஓரம் முழுக்க எண்ணெய்.

"என்னடி இது?"

"பழைய பேப்பர். செஞ்சு பாக்கன்."

"இத செஞ்சு என்ன செய்யப் போற? புத்தகத்தில இரிக்கிற கணக்கே ஒனக்கு வருகுதில்ல."

"புத்தகத்தில இரிக்கிறது எனக்கு ஒட்டுதில்ல மச்சி. இது பாரன், வயல் வெட்டுற கணக்கு. பதினஞ்சு பேர் ஆறு நாளையில வெட்டி முடிப்பாங்க. ரெண்டு நாள் வெட்டினாப் பிறகு அஞ்சு பேர் நிண்டுட்டாங்க. மிச்சத்த முடிக்க எத்தின நாள்?"

"எத்தின?"

"ஆறு. வயல்காரப் போடியார் ஏசுற ஏச்சையும் சேத்தா ஏழு."

மாமி அடுப்பிலிருந்து சிரித்தாள். "அஞ்சு பேரும் ஏன் நிண்டாங்க எண்டு கேக்கல்லயா அதில?"

"அதெல்லாம் சேர் கேக்க மாட்டார் உம்மா."

மூன்று கிழமை அந்தத் தாள் அங்கேயே தொங்கியது. எண்ணெய் காயும் நேரத்தில் அவள் ஒரு கணக்குச் செய்வாள். விடை பிழைத்தால் வாயால் "ச்சூ" என்று சொல்லிவிட்டுத் திரும்பத் தொடங்குவாள். என்னையும் கூப்பிட்டாள். நான் போய் உட்காரவில்லை. வடைக் கடுதாசியில் படிக்க எனக்கு வெட்கமாக இருந்தது. என் பங்குக்கு நான் சேர் எழுதிப் போட்ட குறிப்புகளைப் பாடமாக்கிக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் தவணைப் பரீட்சை, கணிதம். தாளைத் திருப்பியதும் ஒரே பக்கத்தை இரண்டு தரம் வாசித்தேன். நாலாவது கேள்வி: ஒரு வயலைப் பதினைந்து பேர் ஆறு நாட்களில் வெட்டி முடிப்பர். அடுத்த பக்கம் வட்டக் கிணறு, அதைச் சுற்றி ஒரு பாதை. கிணறும் அந்தக் கயிற்றில் தொங்கியதுதான். திரும்பிப் பார்த்தேன். மச்சி என்னைப் பார்க்கவில்லை. அவள் பேனை நிற்கவேயில்லை.

கலியாண வேலையில் சேருக்குப் புதிதாக வினாத்தாள் போட நேரமிருக்கவில்லை என்பதும், தன் பையில் பிரதி கிடந்த நாலைந்து வருஷத்துக்கு முந்தியதை எடுத்து வருஷத்தை மட்டும் மாற்றி றோனியோவுக்குக் கொடுத்தார் என்பதும் இன்று யாருக்கும் விளங்கும். அன்று எனக்கும் விளங்கியது. எவ்வளவு விளங்கியது என்பதைப் பற்றி நான் பல வருஷம் என்னோடு பேரம் பேசியிருக்கிறேன்.

புள்ளி வாசித்த நாள் உங்களுக்கு ஞாபகமிருக்கும். எனக்கு நாற்பத்து மூன்று. மச்சியின் இலக்கம் வந்ததும் சேர் நின்றார். தாளைக் கண்ணாடிக்குக் கிட்டக் கொண்டுபோனார். எழுபத்தொன்று. பின் வரிசையில் யாரோ "வடைக்குள்ள என்னடி போட்ட?" என்று கேட்டீர்கள். வகுப்பே சிரித்தது. மச்சியும் சிரித்தாள்; அவள் கையில் எண்ணெய் தெறித்த பழைய தழும்புகள் எல்லாம் தெரிய வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் சிரித்தேனா என்று யாருக்காவது ஞாபகம் இருந்தால் சொல்லுங்கள்.

அடுத்த நாள் இடைவேளையில் வகுப்பு டீச்சர் என்னை மட்டும் நூலகத்துக்குக் கூப்பிட்டா. கதவைச் சாத்தினா.

"ஒன்ட மச்சிதானே? இருபத்திரெண்டால எழுபத்தொண்டுக்கு எப்படிப் போன?"

"தெரியாது டீச்சர்."

"நீ கெட்டிக்காரி. ஒனக்கு நாப்பத்து மூணு. அவளுக்கு எழுபத்தொண்டு. நீயே சொல்லு, இது நடக்குமா?"

அந்த "கெட்டிக்காரி"யை நான் விழுங்கினேன். டீச்சர் என்னைச் சந்தேகிக்கவில்லை, அவளைத்தான் சந்தேகிக்கிறா என்பதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது. எதையும் சோடித்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"பரீட்சைக்கு முன்ன அந்தப் பேப்பர் அவங்கட வீட்டுல இருந்திச்சு டீச்சர். நான் கண்டன்."

அவ்வளவுதான் சொன்னேன். ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

சிற்றூழியரைச் சைக்கிளில் மாமி வீட்டுக்கு அனுப்பினார்கள். பள்ளிக்கூடம் ஒரு தாள் கேட்கிறது என்று மாமி நினைத்தாள். கையைத் துடைத்துவிட்டு, கிளிப்பைக் கழற்றி, எண்ணெய் பிள்ளைகளின் கையில் படும் என்று இன்னொரு தாளில் சுற்றிக் கொடுத்துவிட்டாளாம். நாலு வடையும் வைத்தாளாம்.

அதிபரின் அறையில் அதிபர், கணித சேர், வகுப்பு டீச்சர், மச்சி, கதவோரம் நான். மேசையில் அந்தத் தாளும் புது வினாத்தாளும் பக்கத்தில் பக்கத்தில். ஒரே கேள்விகள், ஒரே சாய்ந்த எழுத்து. எண்ணெய் பட்ட கடுதாசி எல்லாம் பழசாகத்தான் தெரியும். இது நாலு வருஷம் பழசா, நாலு கிழமை பழசா என்று பார்த்துச் சொல்ல முடியாது. சொல்லக்கூடிய ஓர் ஆள் அந்த அறையில் இருந்தார். அவர் அந்தத் தாளை ஒரு தரம் தொட்டார். பிறகு விரலில் பட்ட எண்ணெயைக் கைக்குட்டையில் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார்.

"எங்கால எடுத்த இத?" என்று அதிபர் கேட்டார்.

மச்சி நிலத்தைப் பார்த்தாள். "கடையில சேர். வடை சுத்துறதுக்கு வாங்கின கட்டுக்குள்ள இருந்திச்சு."

"எந்தக் கடை?"

அவள் சந்தியில் இருந்த ஒரு கடையைச் சொன்னாள். சிற்றூழியர் மறுபடி போனார். கடைக்காரர் தான் பள்ளிக்கூடக் கடுதாசி விற்றதேயில்லை என்று சொல்லியனுப்பினார். பொய் பிடிபட்டுவிட்டது. இனிமேல் அவள் வாயிலிருந்து வருவதெல்லாம் பொய்தான்.

அதிபர் என் பக்கம் திரும்பினார். "நீ கண்ட எண்டு சொன்னாயாமே. இது எங்கால வந்த எண்டு ஒனக்குத் தெரியுமா?"

மச்சி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பயந்த பார்வை இல்லை அது. என்ன பார்வை என்று இன்றுவரை எனக்குத் தீர்மானிக்க முடியவில்லை. கணித சேரும் என்னைப் பார்த்தார். அவருக்கு அதற்குள் விளங்கியிருந்தது.

"தெரியாது சேர்" என்றேன்.

அதிபர் நியாயமான மனிதர் என்று பெயர் எடுக்க விரும்பியவர். பலகையில் மூன்று கணக்கு எழுதினார். "இத செய். செஞ்சு காட்டினா நம்புறன்."

முதலாவது வயல் கணக்குத்தான், எண்களை மாற்றியிருந்தார். பதினெட்டுப் பேர், ஐந்து நாள்; ஒரு நாள் முடிந்தபின் எட்டுப் பேர் நின்றுவிட்டார்கள். மச்சி வெண்கட்டியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

"ஏழு நாளும் கொஞ்சமும் சேர்."

"கொஞ்சம் எண்டா?"

"ஒரு நாளையில அஞ்சில ஒரு பங்கு."

சரி. கதவோரத்தில் நின்ற எனக்கு எட்டு என்று வந்திருந்தது. இரண்டாவது கிணற்றுக் கணக்கு. அதுவும் சரி. மூன்றாவது ஒருங்கமை சமன்பாடு. அந்தத் தாளில் அப்படி ஒன்று இல்லை. அவள் இரண்டு வரி எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள். வெண்கட்டி முறிந்தது.

"பாத்தீங்களா" என்றார் அதிபர் டீச்சரிடம். "தாள்ல இருந்தது வருது. இல்லாதது வருகுதில்ல. மனப்பாடம்."

மூன்றில் இரண்டு. முப்பத்தைந்து கேட்ட இடத்தில் நூற்றுக்கு அறுபத்தாறு. இந்தச் சின்னக் கணக்கை அந்த அறையில் யாரும் போடவில்லை. கணித சேரும் போடவில்லை. அவர் எழுந்து, பாடம் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வெள்ளிக்கிழமைதான் அவர் வீட்டில் கலியாணம். நானும் போய்ச் சாப்பிட்டேன். சேரின் மனைவி நாங்கள் சூழ்ந்திருந்து சாப்பிட்ட சகன் தட்டுக்கு இரண்டாவது தரம் இறைச்சி கொண்டுவந்து வைத்தா. ஏன் வைத்தா என்று நான் அன்றே யோசித்தேன்.

அடுத்த திங்கள் பட்டியல் ஒட்டினார்கள். பாடசாலை ஊடாக விண்ணப்பிப்போர் ஒரு பக்கம், தனியார் ஒன்பது பேர் மறுபக்கம். எழுபத்தொன்றை வெட்டிச் சிவப்பு மையில் பூச்சியம் போட்டு, மச்சியின் பெயர் ஒன்பதாவதாக இருந்தது. எட்டுப் பேரும் புள்ளி குறைந்தவர்கள். அவள் மட்டும் கள்ளி. றோனியோ அறைச் சாவியைச் சிற்றூழியரிடமிருந்து வாங்கிவிட்டார்கள். தாளை வெளியே விட்டது அவர்தான் என்று ஆசிரியர்கள் தங்களுக்குள் முடிவுகட்டினார்கள். ஆறு மாதம் அவர் யாருடைய முகத்தையும் பார்க்காமல் மணி அடித்தார்.

மாமி பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. சேரின் வீட்டுக்கும் போகவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்து தன் அண்ணனான வாப்பாவிடம் சொன்னாள்:

"காக்கா, புள்ள களவெடுத்த எண்டு சொல்றாங்க. அவள் எடுக்கல்ல. எங்கால வந்த எண்டு எனக்குத் தெரியும், ஆனா சொல்ல ஏலாது. சொல்லமாட்டன் எண்டு ஒருத்திக்கு வாக்குக் குடுத்திரிக்கன்."

"மறுகா என்ன செய்யப் போறாய்?" என்றார் வாப்பா.

"தனியா எழுத வேணுமாம். அந்தப் படிவம் ஆரு நிரப்புற? ஆரிட்டப் போற? கள்ளி எண்டு பேர் வந்த புள்ளய வெளிய அனுப்பவும் பயமாரிக்கி."

வாப்பா என்னைப் பார்த்தார். வீட்டில் படிவம் நிரப்பத் தெரிந்தவள் நான் ஒருத்தி. நான் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, கேட்காதது போல இருந்தேன். விண்ணப்ப முடிவுத் திகதி போனது. மச்சிக்கு அடுத்த வருஷம் நிக்காஹ் நடந்தது. நான் கணிதத்தில் சாதாரணச் சித்தி எடுத்தேன். முப்பத்தைந்துக்கு மேல் எவ்வளவு என்று தெரியாது, அவர்கள் சொல்வதில்லை. உம்மா அயலுக்கெல்லாம் சீனி கொடுத்தா.

வாப்பா அன்று என்னை வற்புறுத்தாமல் விட்டதை என் படிப்பு குழம்பக் கூடாது என்ற அன்பு என்றே நெடுநாள் எடுத்துக்கொண்டேன். இப்போது நினைத்தால், அவரும் என்னைக் கொஞ்சம் சந்தேகித்திருக்கிறார். கேட்டால் பதில் வந்துவிடும் என்று பயந்திருக்கிறார். கணித சேர் ஓய்வுபெற்றபோது பிரியாவிடைக்கு என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். பழைய மாணவி, உத்தியோகத்தர். பேசினேன். கை கொடுக்கும்போது சேர் என் கையைக் கொஞ்ச நேரம் விடவில்லை. நாங்கள் இரண்டு பேரும் ஒரே அலுமாரியின் சாவியை வைத்திருக்கிறோம் என்று எனக்குப் பட்டது.

மச்சி இப்போதும் அதே வளவில் இருக்கிறாள். மாமி மவுத்தாகி மண்ணுக்குப் போய் ஐந்து வருஷம். வடையோடு இப்போது பெற்றிசும் ரோல்சும் போடுகிறாள். சுற்றுவதற்கு வெள்ளைக் கடுதாசி, கடையில் வாங்கியது. பெருநாளுக்கு எனக்குத் தனியாக ஒரு பெட்டி அனுப்புவாள். ஒவ்வொரு முறையும் அந்தப் பெட்டியைத் திறக்கும் முன் நான் ஒரு கணம் நிற்பேன். அவளுக்குத் தெரியுமா? தெரிந்துகொண்டு அனுப்புகிறாளா? இந்தப் பதினேழு வருஷத்தில் அவள் சிரித்து வரவேற்காத நாள் ஒன்று இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அவளுடைய மூத்த மகள் நம் பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்பு. அதிபர்கள் மூன்று பேர் மாறிவிட்டார்கள். பட்டியல் மாறவில்லை, இப்போது பத்தாம் வகுப்பிலேயே போடுகிறார்கள், எல்லை நாற்பது. வியாழக்கிழமை அலுவலகம் விட்டு வரும் வழியில் மச்சியின் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். குசினிக்கு ஓடு போட்டிருக்கிறாள். எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. பிள்ளை என்னைக் கண்டதும் கணித விடைத்தாளைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"மாமி, அறுபத்து நாலு."

"போன தவணை எவ்வளவு?"

"பத்தொம்பது."

என் வாய் எனக்கு முன்னால் ஓடியது. "எப்படி?" என்று கேட்டேன்.

அந்தக் குரல் எனக்குத் தெரியும். கதவு சாத்திய நூலகத்தில் கேட்ட அதே குரல். பிள்ளை தாளை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். மச்சி கரண்டியை வைத்துவிட்டு, மகளைக் கடைக்கு அனுப்பினாள். பிறகு அடுப்பைக் குறைத்தாள்.

"பள்ளிக்கூடத்தாலயும் அதான் கேக்காங்க" என்றாள். "திங்கக்கிழமை தாயக் கூட்டி வரட்டாம். அவள் ராவும் பகலும் படிச்சாள் மச்சி. நான் அடுப்படியில வெச்சுச் சொல்லிக் குடுத்தன். வயல் கணக்கு, கிணத்துக் கணக்கு எல்லாம் எனக்கு இன்னும் மறக்கல்ல. அந்த மூணாவது கணக்கையும் மறுகா நானே பழகினன், சமன்பாடு. ஆனா நான் போய்ச் சொன்னா நம்புவாங்களா? நான் ஆரு எண்டு அங்க ஆராவது ஒருத்தருக்கு ஞாபகம் வந்தா போதும்."

நான் வெள்ளைக் கடுதாசிக் கட்டை ஒழுங்காக அடுக்கி வைத்தேன்.

"நீ வா என்னோட. வந்து சொல்லு, இது இவள்ட புள்ளிதான் எண்டு. நீ படிச்ச ஆள். ஒன்ட சொல்லக் கேப்பாங்க." ஒரு வடையை எண்ணெயில் நழுவ விட்டாள். அது பொங்கி மேலே வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்டைக்கும் ஒன்ட சொல்லத்தானே கேட்டாங்க."

குரலில் குற்றம் இல்லை. கோபமும் இல்லை. நூலகத்தில் நான் சொன்னதைச் சொல்கிறாளா, அதிபரின் அறையில் அமானிதத்தைக் காத்தேன் என்று நினைத்துச் சொல்கிறாளா என்று அவள் முகத்தைப் பார்த்தேன். வடையைத் திருப்பினாள். சூடாக ஒன்றை எடுத்து வெள்ளைக் கடுதாசியில் வைத்து என்னிடம் நீட்டினாள்.

இதை ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எழுதுகிறேன். மலரில் போடுவதும் விடுவதும் உங்கள் இஷ்டம். நாளைக்கு எட்டு மணிக்கு மச்சி பள்ளிக்கூட வாசலில் நிற்பாள். நான் போகிறேன். பிள்ளையின் புள்ளியைப் பற்றிக் கேட்பார்கள், சொல்வேன். அதற்கு முன்னால் இன்னொரு தாளைப் பற்றி, அது எந்த வீட்டு அலுமாரியில் இருந்து எந்தச் சந்தி வழியாக யாருடைய கையில் வந்தது என்று, அவர்கள் கேட்காமலே சொல்ல வேண்டும். மச்சி பக்கத்தில் நிற்கும்போது சொல்ல வேண்டும்.

சொல்வேன் என்று நீங்கள் என்னை நம்ப வேண்டாம். செவ்வாய்க்கிழமை அவளையே கேளுங்கள்.